பதினாறுக்கு ஒன்பதில் ஒரு கல்யாணம்

பார்வதி அக்கா டிவிடியை என் மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார், சூடான சட்டியை இறக்கி வைத்தவர்போல.

மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைத் தரையெங்கும் செருப்பு ஈரம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த ஒருவர் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். எனக்குக் காலையிலிருந்தே தலைவலி.

"என்னாக்கா, தட்டு ஓடலயா?" என்று கேட்டேன்.

"ஓடுது. ஓடுறதுதான் பிரச்சன" என்றார். "எம் மகள ஏன்லா இப்படிக் குண்டாக்கி வச்சிருக்க? பாக்குறவங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. அவ மாமனாரு வீட்டுல போட்டுப் பாத்தேன். எனக்கே அடையாளம் தெரியல."

மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய படம் அது. முதுகு வலிக்க வலிக்கச் செய்த வேலையை ஒரு வார்த்தையில் குறை சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. யோசிக்காமல் பேசிவிட்டேன்.

"கேமரா என்னாக்கா செய்யும்? இருக்கிறதத்தான் காட்டும்."

தலை சீவிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

அக்கா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். டிவிடி மேசைமேலேயே கிடந்தது.

நீதான் படிச்சவ

சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஸ்டுடியோ ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கல்யாணம், காது குத்து, பாலர் பள்ளிப் பட்டமளிப்பு, கோயில் திருவிழா எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் படம் பிடிப்பார். வெட்டி, பாட்டுச் சேர்த்து, தட்டில் ஏற்றுவது என் வேலை.

அந்த வேலை என் தலையில் விழுந்த கதை சின்னது. நாடா போய்த் தட்டு வந்தபோது புதுக் கருவியோடு தலையணை அளவுக்கு ஒரு கையேடு வந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத மொழிகள். இவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீதான் படிச்சவ" என்று என் மடியில் போட்டுவிட்டார். ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நான்கு வருடம் கிராணியாகக் கணக்கெழுதியதுதான் என் படிப்பு.

பார்வதி அக்கா எங்களுக்கு வெறும் வாடிக்கையாளர் இல்லை. பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேறி, ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்து, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். அந்த மகள் கலைவாணி பாலர் பள்ளிப் பட்டமளிப்புக்குக் கறுப்பு அங்கி போட்டு நின்ற படமே எங்கள் ஸ்டுடியோவில் எடுத்ததுதான். முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிப்பாள். அவளுடைய கல்யாணத்தையும் நாங்களே எடுத்தோம்.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

ஒரு நோட்டுப் புத்தகம்

கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த முதல் கலைச்சொல் 'டிராக்கிங்'. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் படம் போடுவார்கள். கதாநாயகி அழும் நேரம் பார்த்துத் திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். உடனே பின்னாலிருந்து பத்துப் பேர் ஒன்றாகக் கத்துவார்கள்: "டிராக்கிங்! டிராக்கிங்!" அதற்கு என்ன அர்த்தம் என்று கத்தியவர்களில் யாருக்கும் தெரியாது. கத்தினால் படம் சரியாகும், அவ்வளவுதான்.

தட்டு வந்த பிறகு கத்திச் சரி செய்ய முடியவில்லை. படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, கையேட்டில் வரும் சொற்களை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதி வைத்தேன்.

'ஃபைனலைஸ்' என்பதற்கு "முடிச்சுப் போடுவது" என்று எழுதியிருந்தேன். பதிவு செய்த தட்டுக்குக் கடைசியில் அந்த முடிச்சைப் போடாவிட்டால் அது நம் கருவியில் மட்டும்தான் ஓடும். வாங்கிப்போனவர் வீட்டில் ஓடாது. இதைக் கற்றுக்கொள்வதற்குள் நான்கு வீட்டுக் காதுகுத்துத் தட்டுகள் திரும்பி வந்தன.

'பிட் ரேட்': குழாயில் தண்ணீர் வரும் வேகம். ஒரே தட்டில் நிறைய நேரம் அடைக்க வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தால், யாராவது வேகமாகத் திரும்பும்போது முகம் சதுரம் சதுரமாக உடையும். 'சாப்டர்': ரிமோட்டில் ஒரு அமுக்கு அமுக்கினால் நலங்கிலிருந்து நேராகத் தாலி கட்டுக்குப் போவது.

'ரீஜன்' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்தவர் ஹமீது பாய். எங்கள் கடைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிய டிவிடி ஓடவில்லை என்று எடுத்து வந்தார். உலகத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு வட்டாரத்துக்கு விற்ற தட்டை இன்னொரு வட்டாரத்துப் பிளேயர் ஏற்காது என்று விளக்கினேன்.

"அப்படின்னா தட்டுக்கும் பாஸ்போர்ட்டு வேணுமா? எனக்கு விசா கெடைச்சிருச்சு, தட்டுக்குக் கெடைக்கலயா?" என்றார். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதே நோட்டில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று ஒரு வரியும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் "படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். 4:3, 16:9" என்று கையேட்டில் இருந்ததை அப்படியே மொழிபெயர்த்து வைத்திருந்தேன். என் சொந்த வார்த்தை ஒன்றும் இல்லை. எனக்கு அது தேவைப்படவே இல்லை. அப்போது எல்லார் வீட்டிலும் ஒரே வடிவப் பெட்டிதான்.

முட்டைக் கடிகாரம்

அன்று மாலை கடையை அடைப்பதற்குமுன் அந்த டிவிடியை எங்கள் பழைய டிவியில் போட்டுப் பார்த்தேன். கலைவாணி எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. எனக்கு நிம்மதியாகப் போயிற்று. நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை இவரிடம் சொன்னேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கேமரா இருக்கிறதத்தான் காட்டும்னு நீயா சொன்ன?"

"ஆமா. அதுல என்னா தப்பு?"

"பந்தியில கொழம்பு சிந்துனவங்க, மேடையில தூங்குன தாத்தா, கொட்டாவி விட்ட மாப்பிள்ளத் தோழன், எல்லாத்தையும் வெட்டி எறியிறது யாரு? நீதானே? அப்புறம் என்னா, இருக்கிறதத்தான் காட்டும்னு பேச்சு? அதுவும் அக்காகிட்ட."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. படம் சரியாகத்தானே இருக்கிறது என்ற வீம்பு.

நாலைந்து நாள் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு ஹமீது பாய் கடைக்கு இறங்கினேன். சுவரில் புது டிவி. அகலமாக, மெல்லிசாக, படம் மாட்டியதுபோல இருந்தது. பாய் அதன் கீழேயே நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

செய்தி தொடங்கும் நேரம். திரையில் கடிகாரம் வந்தது. வட்டமான கடிகாரம் அது, வருடக்கணக்காகப் பார்த்ததுதான். அன்று அது படுக்க வைத்த முட்டைபோல இருந்தது. அடுத்து வந்த செய்தி வாசிக்கும் அம்மாளுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாய், ரிமோட்டக் கொஞ்சம் குடுங்க."

கை கழுவிவிட்டு வந்து வாங்கினேன். 'வைட்' என்று ஒரு பட்டன் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினேன்; படம் பெரிதாகி அந்த அம்மாளின் நெற்றி காணாமல் போயிற்று. இன்னொரு அமுக்கு. படம் இரண்டு பக்கமும் சுருங்கி நடுவில் நின்றது. இடமும் வலமும் கறுப்புப் பட்டை. செய்தி வாசிப்பவரின் முகம் பழைய முகமாயிற்று.

"ஏன்லா சின்னதாக்குறீங்க?" என்று ஒரு மேசையிலிருந்து சத்தம் வந்தது.

பாயும் பதறிவிட்டார். "யம்மா, எம் புது டிவி பாதி கறுப்பாயிருச்சே!"

எனக்கு அவர் பேசியது காதில் ஏறவில்லை. என் நோட்டிலிருந்த அந்த ஒற்றை வரி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் எடுக்கும் படம் நாலுக்கு மூன்று. நாலு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். புது டிவி பதினாறுக்கு ஒன்பது. சின்ன மேசைக்குத் தைத்த விரிப்பை நீள மேசைக்கு இழுத்துப் போட்டால் அதிலிருக்கும் பூவெல்லாம் அகன்றுபோகும் இல்லையா, அதேதான். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடினால் யார்தான் குண்டாகத் தெரியமாட்டார்கள்?

பார்வதி அக்கா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைத்தான் வந்து சொன்னார். நான்தான் பார்க்காமல் பேசினேன்.

இரண்டு தெரு தள்ளி

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது கலைவாணி. அலோர் ஸ்டார் மெர்கோங்கில், மாமியார் வீட்டில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. முகம் வாடியிருந்தது.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தா. பத்து நாளாச்சு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பேசினேன்.

"அக்கா, அன்னைக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க. நீங்க சொன்னது சரி. அந்த டிவில கலை குண்டாத்தான் தெரிஞ்சிருப்பா. அவ மட்டுமில்ல, எல்லாருமே."

அக்கா உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. கலைவாணிதான் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அவளிடமிருந்து கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாமனார் முத்தையாவுக்கு அலோர் ஸ்டாரில் வாகன உதிரிப்பாகக் கடை. மகன் கல்யாணத்தையொட்டி வீட்டுக்கு அகல டிவி வாங்கியிருந்தார். மகன் கல்யாணம் ஒரு பெருமை, டிவி ஒரு பெருமை. இரண்டையும் சேர்த்துக் காட்ட அந்த டிவிடி வசதியாகப் போயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்கு முன்னால் டிவிடி ஓடும். பார்க்கிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். ஒரு அம்மாள், "கல்யாணத்துக்கப்புறம் எல்லாரும் குண்டாவாங்க, இவ முன்னாடியே ஆயிட்டு எளைச்சிருக்கா" என்றாராம்.

"ஒவ்வொரு தடவயும் நான் பின்னால போய்த் துணி மடிச்சிக்கிட்டு இருப்பேன் ஆன்ட்டி" என்றாள். "இப்ப என்னா சொல்றீங்க? தப்பு டிவிலயா, எங்கிட்டயா?"

"ரெண்டுலயும் இல்ல. ஒரு பட்டன்ல."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்தார். என் முன்னால் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மருமகன் கூட்டிட்டுப் போக வர்றேன்னாரு. இவ வேணாங்கிறா" என்றார். அது எனக்கான பேச்சு. கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனால் கதவைத் திறந்துவிட்டார் என்று புரிந்தது.

"அவரு வர வேணாம். நாம போவோம். எங்க காடியில எல்லாரும் போவோம்" என்றேன்.

மெர்கோங்

ஞாயிறு காலை புறப்பட்டோம். இவர் காடியை ஓட்ட, நான் முன்னால். அக்காவும் கலைவாணியும் பின்னால். குரூண் தாண்டி வயல்கள் வந்தன. நாற்று நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். தண்ணீரில் வானம் தெரிந்தது. கலைவாணி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இவர் மட்டும் எதையோ சொல்லி எல்லாரையும் பேச வைக்கப் பார்த்துவிட்டு, அலோர் ஸ்டார் வருவதற்குள் அவரும் ஓய்ந்துபோனார்.

முத்தையா வாசலுக்கே வந்து கும்பிட்டார். கம்பீரமான மனிதர், வெள்ளை மீசை. மாப்பிள்ளை சுரேஷ் கலைவாணியின் பையை வாங்கிக்கொண்டான். அவள் அவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

உட்கார்ந்ததும் பெரியவர் ரிமோட்டை எடுத்தார். "உங்க கைவேலைய நம்ம டிவில நீங்க பாத்ததில்லையே?"

போட்டார். மேடை, நாதஸ்வரக்காரர்கள், மாலை. எல்லாரும் அகன்றிருந்தார்கள். அந்த அளவு பெரிய திரையில் கலைவாணியை அப்படிப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தவளின் கையை அக்கா பிடித்து உட்கார வைத்தார்.

"அண்ணே, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க" என்றேன். ஆலத்தி எடுக்கும் இடத்தில் நின்றது. "அந்தப் பொண்ணு கையில என்னா இருக்கு?"

"ஆலத்தித் தட்டு."

"வட்டமா இருக்கா?"

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். "கொஞ்சம் நீட்டமாத்தான் இருக்கு. அந்த மாதிரித் தட்டோ என்னவோ."

"அது நம்ம வீட்டுத் தட்டுங்க" என்றார் அவர் மனைவி. எழுந்துபோய்ப் பூசையறையிலிருந்து எடுத்து வந்து டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். வட்டமான பித்தளைத் தட்டு. திரையில் முட்டை.

விஷயத்தைச் சொன்னேன். நாலுக்கு மூன்று, பதினாறுக்கு ஒன்பது, மேசை விரிப்பு. பெரியவர் கேட்டுக்கொண்டார். சரி, மாற்றிக் காட்டு என்று ரிமோட்டைக் கொடுத்தார். மாற்றியதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னாம்மா இது, ரெண்டு பக்கமும் கறுப்பு? அகலமா இருக்கணும்னுதான இத வாங்குனேன். அடைச்சு வைக்கவா வாங்குனேன்?"

"எல்லாப் படத்துக்கும் வேணாம்ண்ணே. பழைய வடிவத்துல எடுத்த படத்துக்கு மட்டும்."

"சூசாலா, கஷ்டந்தான்" என்று தலையை ஆட்டினார். சம்மதிக்க அவருக்கு மனமில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி மரியாதை. வெள்ளை வேட்டியில் அவரே நடந்து வந்தார். தொப்பை பாதிதான் இருந்தது. அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான் சரியான அளவா?"

"இதுதாண்ணே நீங்க."

"பாகுஸ்லா, நல்லாவே இருக்கு" என்றார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அக்காவும் சிரித்துவிட்டார். பெரியவர் ஒன்றும் நடக்காததுபோல, "நம்ம கல்யாணப் படத்துக்குக் கறுப்பு இருந்தாலும் பரவால்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

திரையில் கலைவாணி மண்டபத்துக்குள் நுழைந்தாள். நீலப் பட்டு, குனிந்த தலை, மருதாணிக் கை. அழகாக இருந்தாள். எல்லாரும் அதைச் சொன்னார்கள். மாமியார் இரண்டு தடவை சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு பட்டனில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நான் கலைவாணி பக்கம் திரும்பினேன்.

"என்னாம்மா, இப்பச் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு ஆன்ட்டி." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "குண்டாத் தெரிஞ்சதுக்காக நான் அம்மா வீட்டுக்குப் போகல. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். அவங்க சிரிச்சப்போ, இவரும் சேந்து சிரிச்சாரு."

கதவோரம் நின்றிருந்த சுரேஷ் அப்படியே நின்றான். கூடத்தில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பெரியவர் மீசையைத் தடவினார். நான் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனையோ பட்டன்கள். இதற்கு ஒன்றும் இல்லை.

சுரேஷ் அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் சும்மா இருந்தா என்னாவோ மாதிரி இருக்கும்னு சிரிச்சேன். யோசிக்கல. தப்புத்தான் கலை."

அப்பா, அம்மா, மாமியார், வெளியாட்களான நாங்கள் இருவர் என எல்லார் முன்னாலும் சொன்னான். சொல்லும்போது காது சிவந்திருந்தது. அம்மா வீட்டுக்குப் போன பிறகு முதல் தடவையாக அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் வந்து என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினான். அவள் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான்.

"மொதல்லேருந்து போடுறேன்" என்றான். "இந்தத் தடவ ஒழுங்காப் பாக்குறேன்."

நாங்கள் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். யாரும் எழவில்லை. நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, அட்சதை, வரிசையில் நின்று மொய்க்கவர் கொடுத்தவர்கள், பந்தியின் முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை. நானே சலித்துக்கொண்டு ஒட்டிய இடங்களெல்லாம் வந்தன. மூன்று மணி நேரப் படம். சுரேஷ் எந்த இடத்தையும் வேகமாக ஓட்டித் தாண்டிவிடவில்லை.